சம்பந்தி வைத்த மண்டி

குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. குரு பெண், சீடர் ஆண். ஆசிரமம் எது என்றால், ஆண்ட்வெர்ப் நகரத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த கார் ஷெட். கார் பாவம் தெருவில் மழையில் நனைந்துகொண்டிருக்கும். உள்ளே பெரிய எவர்சில்வர் பானைகளும் கண்ணாடிக் குடுவைகளும் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும்.

குருவின் பெயர் ஜெசிந்தா. காரைக்காலில் பிறந்து, பெல்ஜியத்தில் ஒரு பியர் ஆலையில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊர் வகை பியரை வீட்டிலேயே காய்ச்சுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார். நகரத்தில் இருக்கும் தமிழர்கள் நாலைந்து பேர் வருவார்கள். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். டீச்சர் அதிகம் பேசுகிறவர் இல்லை. கேள்வி கேட்டால் பதில் வராது, கையில் ஒரு வேலை வந்து சேரும்.

சீடரின் பெயர் அம்பலவாணன். திருச்சிக்காரர். இளவயதில் அங்கே செயற்கை வைரம் பட்டை தீட்டியவர், பிறகு ஆண்ட்வெர்ப்புக்கு வந்து அசல் வைரத்தைத் தரம் பிரிக்கும் இடத்துக்கு உயர்ந்தவர். கல்லைக் கண்ணுக்கு நேரே ஒரு தடவை பிடித்தால் போதும், உள்ளே தூசியளவு புள்ளி இருந்தாலும் சொல்லிவிடுவார். மற்றவர்கள் லென்ஸைத் தேடி எடுப்பதற்குள் இவர் கல்லை உரிய தட்டில் போட்டிருப்பார். அந்தக் கண்ணைப் பற்றி அவருக்குப் பெருமை உண்டு. அதை மறைக்க அவர் ஒருநாளும் முயன்றதில்லை. மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை, நியாயமான பெருமைதான்.

பெல்ஜியம் பியரை அவர் ரசித்துக் குடிப்பார். முதன்முதலில் அந்த ஊர்க் கோதுமை பியரைக் குடித்தபோது, கொத்தமல்லி விதையையும் ஆரஞ்சுத் தோலையும் போட்டிருக்கிறார்களே, ரசத்துக்கும் பியருக்கும் சொந்தம் இருக்கிறதே என்று நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பொன்னிற பியரில் கிராம்பு மணப்பதையும், கறுப்பு பியரில் பேரீச்சம்பழமும் கருகிய சர்க்கரையும் மணப்பதையும் மூக்கிலேயே பிரித்துச் சொல்வார். ஒரே ஒரு குறைதான். எந்த பியரானாலும் முதலில் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். கலங்கலாக இருந்தால் முகம் சுளித்துவிடுவார்.

டீச்சரிடம் அவர் வந்து சேர்ந்ததற்குக் காரணம் ரசனை இல்லை. கோபம்.

அவருடைய ஒரே மகள் சிவகாமி, கூட வேலை பார்த்த யோரிஸ் என்ற பையனைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். அம்பலவாணனும் அவர் மனைவி வடிவும் ஒரு வாரம் யோசித்தார்கள், பையனைப் பார்த்தார்கள், சரி என்றார்கள். பெரியவர்கள் பேசி முடிக்க வேண்டும் அல்லவா? பக்கத்தில் இருந்த லீர் என்ற சிற்றூருக்கு, பையன் வீட்டுக்குப் போனார்கள்.

பையனின் அப்பா ஹூகோ உயரமான, வாய் பேசாத மனிதர். ஆற்றுப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டு நிலவறையில் தானே பியர் காய்ச்சுகிறவர். சாப்பாட்டுக்கு முன்னால் கீழே போய்த் தூசி படிந்த ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, கறுத்த பியரை அவசரமே இல்லாமல் அம்பலவாணனுக்கு ஊற்றினார். நுரை எழுந்து நின்றது. பாட்டிலின் அடியில் ஒரு விரற்கடை மிச்சம் வைத்தார்.

பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். பாட்டிலைச் சுழற்றி, அடியில் கிடந்த மண்டியை ஒரு சின்னஞ்சிறு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, அம்பலவாணனின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். சேறு மாதிரி இருந்தது. வைத்துவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தார். அம்பலவாணனுக்குத் தெரிந்தது கடை டச்சு. கல்லின் எடையும் தரமும் பேச அது போதும், சம்பந்தி பேசுவதைப் புரிந்துகொள்ளப் போதாது.

மற்ற யாருக்கும் அந்தக் குப்பி வைக்கப்படவில்லை. வந்தவர்களில் அவர் ஒருவருக்குத்தான்.

காபி மண்டியை நம் ஊரில் செடிக்கு ஊற்றுவார்கள். விருந்தாளிக்கு ஊற்றிப் பார்த்திருக்கிறீர்களா? அம்பலவாணனும் பார்த்ததில்லை. கோப்பையில் இருந்ததைக் குடித்தார், குப்பியைத் தொடவில்லை. ஹூகோ அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு சாப்பாடு நல்லபடியாகவே நடந்தது, பேச்சுதான் குறைந்துபோனது.

திரும்பி வரும் ரயிலில் அவர் வடிவிடம் சொன்னார்: "பொண்ணக் குடுக்குறவன்தானே, இவனுக்கு மண்டி போதும்னு நெனச்சுட்டாரு."

வடிவு, அப்படியெல்லாம் இருக்காது, அவர்கள் வழக்கம் என்னவோ என்று சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. மகளிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று மட்டும் இருவரும் முடிவு செய்தார்கள். கல்யாணத்தை நிறுத்தும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. ஆனால் ஆவணியில் கல்யாணம், அன்று மாலை பையன் வீட்டார் ஊரில் விருந்து. அந்த விருந்தில் அதே ஹூகோவின் முன்னால், அதே கறுப்பு வகை பியரை, தன் கையால் காய்ச்சி வைக்க வேண்டும். கடைசிச் சொட்டு வரை தெளிவு. மண்டி என்ற பேச்சே இருக்கக் கூடாது. அப்போது தெரியட்டும், யார் யாருக்கு எதை வைக்கிறார்கள் என்று.

மனசுக்குள் இதை வைத்துக்கொண்டுதான் கார் ஷெட்டுக்கு வந்தார். சம்பந்திக்கு வைக்க ஒரு கறுப்பு பியர் காய்ச்ச வேண்டும் என்று மட்டும் டீச்சரிடம் சொன்னார். டீச்சர் தலையாட்டி, பானையைத் தேய்க்கச் சொன்னார்.

முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து வெந்நீரில் ஊறப்போட்டார்கள். வடித்த சாற்றைக் கொதிக்கவிட்டு, கசப்புக்குக் காய்ந்த ஹாப்ஸ் பூவையும், நிறத்துக்குக் கருகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகையும் சேர்த்தார்கள். கொதி வந்து பொங்கி அடுப்பில் வழிந்தபோது மற்றவர்கள் பதறினார்கள். அம்பலவாணன் மட்டும், பொங்கிடுச்சு, நல்ல சகுனம் என்று கைகூப்பினார். டீச்சர் அந்தக் கூப்பிய கையில் ஒரு துடைக்கும் துணியைச் சொருகினார்.

ஆறிய சாற்றைக் குடுவையில் ஊற்றி, அதைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டி, குடுவையை வீட்டுக்கு எடுத்துப் போனார். வடிவு வாசலிலேயே மறித்தாள். பெண் கல்யாணத்துக்கு அப்பா காய்ச்சுகிறார் என்று திருச்சிக்குத் தெரிந்தால் என்ன ஆவது என்று கேட்டாள். காய்ச்சுவது என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஒரே அர்த்தம்தான் உண்டு. இது அது இல்லை, இது கலை என்று அவர் விளக்கினார். கலையைக் குளியலறையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் இடம் ஒதுக்கினாள்.

புளித்து அடங்கியதும் அந்த ஈஸ்ட் குடுவையின் அடியில் மண்டியாகப் படிந்தது. அம்பலவாணன் அதைப் பகையாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். மேலாக நிற்பதை மட்டும் குழாய் வைத்து வேறு குடுவைக்கு இறக்கினார். பால்கனியில் பனிக்காலக் குளிரில் நாள்கணக்கில் வைத்துத் தெளியவிட்டார். மறுபடி இறக்கினார், மறுபடி தெளியவிட்டார். அதுவும் போதாமல், மடிப்புக் கலையாத பட்டுக்கரை வேட்டி ஒன்றை நாலாக மடித்து அதில் வடிகட்டினார். அந்த வேட்டிக்கு நேர்ந்த கதியை வடிவு இன்றைக்கும் மறக்கவில்லை. பிறகு கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைத்து மூடி போட்டார்.

டீச்சர் முன்னால் முதல் பாட்டிலைத் திறந்தார். சத்தமே வரவில்லை. கோப்பையில் ஊற்றினார். நுரை எழவில்லை. ஆனால் நிறம்! விளக்குக்கு எதிரே பிடித்தால் சுத்தமான கோமேதகம். உள்ளே ஒரு புள்ளி கிடையாது.

டீச்சர் முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"கல்லு நல்லா இருக்குண்ணே," என்றார்.

அம்பலவாணன் பூரித்துப்போனார். பெருமையோடு மற்றவர்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். பாட்டில்களைப் பையில் அடுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை அதே மிதப்பில் நடந்தார். பஸ் வந்து நின்றபோதுதான் டீச்சர் பியரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

மறுபடி காய்ச்சினார். இந்தத் தடவை இன்னும் கவனமாகத் தெளியவிட்டார். பாட்டிலில் அடைக்கும்போது சர்க்கரையைத் தாராளமாகப் போட்டார். சர்க்கரைதானே பாட்டிலுக்குள் கிடந்து பொங்கி நுரையாகிறது என்பது அவர் கணக்கு.

டீச்சர் இந்தப் பாட்டிலைத் திறக்கவே இல்லை. அதை அம்பலவாணன் காதோரம் கொண்டுபோய் வைத்தார்.

"என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல டீச்சர்."

"ஆமா," என்று சொல்லிவிட்டு டீச்சர் குழாய்களைக் கழுவப் போய்விட்டார்.

அம்பலவாணன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்து குடித்தார். பானகம் மாதிரி இனித்தது. அவருக்கு அழுகை வந்தது என்று சொன்னால் மிகை இல்லை. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டிருந்தது. விருந்துக்கு மண்டபம் பிடித்தாயிற்று. அப்பா தன் கையால் பியர் காய்ச்சி மாமாவுக்கு வைக்கப்போகிறார் என்று சிவகாமி ஊரெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டாள். யோரிஸ் வழியாக அது ஹூகோவின் காதுக்கும் போயிருக்கும். இனி வெறுங்கையோடு போய் நின்றால் அந்தச் சின்னக் குப்பி சொன்னது சரி என்று ஆகிவிடும்.

அடுத்த ஞாயிறு மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து கேட்டார்.

"டீச்சர், ஆவணி வந்துடும். எப்பதான் நான் இத சம்பந்தி முன்னால வைக்கிறது?"

டீச்சர் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினார். "அவரு எந்த பியர் குடிப்பாரு?"

"கடையில வாங்க மாட்டாரு. அவரே வீட்டுல காய்ச்சுறவரு."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டார். அலமாரியிலிருந்து மூடி போட்ட ஒரு சின்னக் கண்ணாடி ஜாடியை எடுத்து, வெந்நீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மூடி, அம்பலவாணனிடம் நீட்டினார்.

"இந்தத் தடவ பாக்கெட் ஈஸ்ட் கெடையாது. அவரு பாட்டில்ல அடியில தங்குற மண்டிய இதுல வாங்கிட்டு வாங்க."

அம்பலவாணன் ஜாடியை வாங்கவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கதையெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. லீருக்குப் போனது, கோப்பை, குப்பி, அந்தச் சேறு, அந்தச் சிரிப்பு எல்லாவற்றையும் சொன்னார். மண்டியை வைத்து அவமானப்படுத்திய மனிதனிடமே போய் மண்டி கொடு என்று கை நீட்டுவதா என்று கேட்டார்.

டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"வேற யாருக்காவது அப்பிடி வச்சாரா?"

"இல்ல. எனக்கு மட்டுந்தான்."

"அவரு மகனுக்கு?"

"இல்லன்னேனே."

டீச்சர் அலமாரியைச் சாத்தினார். பிறகு கேட்டார்: "வீட்டுல தயிருக்கு உறை தீந்துபோனா அண்ணி என்ன பண்ணுவாங்க?"

"பக்கத்து வீட்டுல போயி வாங்குவா. இதுல என்ன இருக்கு?"

டீச்சர் ஜாடியை அவர் பைக்குள் வைத்துவிட்டு விளக்கை அணைக்கத் தொடங்கினார்.

ஜாடி வீட்டில் ஜன்னல் ஓரமாகக் கிடந்தது. அம்பலவாணன் அதைப் பார்க்காமல் காபி குடித்தார், பார்க்காமல் வேலைக்குப் போனார். வடிவு அதில் ஊறுகாய் போடட்டுமா என்று கேட்டபோது மட்டும் பாய்ந்து பிடுங்கி வைத்தார். அவருக்குள் இரண்டு பெருமைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. யார் முன்னாலும் கை நீட்ட மாட்டேன் என்பது ஒரு பெருமை. கெட்ட பியரை என் பெயர் சொல்லி யார் முன்னாலும் வைக்க மாட்டேன் என்பது இன்னொரு பெருமை. வைகாசி பிறக்கும் வரை இரண்டும் மல்லுக்கட்டின. கடைசியில் இரண்டாவது ஜெயித்தது. வேலை தெரிந்தவன் பெருமை என்றால் அப்படித்தான்.

ஒரு சனிக்கிழமை மதியம், யாரிடமும் சொல்லாமல் லீருக்குப் போனார். கேட்க வேண்டிய டச்சு வாக்கியத்தை ரயிலில் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டார். ஹூகோ கதவைத் திறந்ததும் அது மொத்தமாக மறந்துபோனது. ஜாடியை நீட்டினார். "மண்டி" என்பதற்கு டச்சு வார்த்தை தெரியாமல், பாட்டில் என்றார், கீழே என்றார், எனக்கு வேண்டும் என்றார். கல்யாணம், பியர், நான் காய்ச்சுகிறேன் என்றார்.

ஹூகோ ஜாடியைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். பிறகு அவ்வளவு உயரமான மனிதர் அவ்வளவு வேகமாக நிலவறைப் படியில் இறங்குவார் என்று அம்பலவாணன் எதிர்பார்த்திருக்கவில்லை.

பாட்டிலோடு வந்தார். இரண்டு கோப்பையில் ஊற்றினார். பாட்டிலின் வாயை லைட்டர் நெருப்பில் காட்டி, அடியில் தங்கியதைச் சுழற்றி, கை நடுங்காமல் ஜாடிக்குள் விட்டு மூடினார். இன்னொரு பாட்டிலைத் திறந்தார். அதன் மண்டியைச் சின்னக் குப்பியில் ஊற்றினார். அம்பலவாணன் பக்கம் வைக்கப் போனவர், தயங்கி, மேஜையின் நடுவில் வைத்தார்.

அம்பலவாணன் எடுத்துக் குடித்தார். புளித்த ரொட்டி மாவைக் கரைத்துக் குடிப்பது போல இருந்தது. கசந்தது, தொண்டையில் கனமாக இறங்கியது.

அதற்குப் பிறகு ஹூகோ பேசினார். சம்பந்திக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினார். அவர் கல்யாணம் கட்டிய வருஷம், இதே மேஜையில், அவர் மாமனார் இதே குப்பியில் இதைக் கொடுத்தாராம். இந்த ஈஸ்ட் மாமனாருடையது. அன்றிலிருந்து பாட்டிலுக்குப் பாட்டில் சாகாமல் காப்பாற்றிக்கொண்டு வருகிறாராம். இந்த வீட்டோடு சொந்தமாகிறவர்களுக்கு மட்டும்தான் இதை வைப்பது, அதுவும் ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு குப்பி. யோரிஸுக்கு இன்னும் வைக்கவில்லை, அவன் கல்யாணம் ஆகட்டும் என்று இருக்கிறார்.

"அன்னைக்கு நீங்க தொடல," என்றார் ஹூகோ. "எங்களப் புடிக்கலன்னு நெனச்சேன். பையன்கிட்ட சொல்லல."

அம்பலவாணனுக்கு முகம் சுட்டது. இந்த மனிதரும் தன்னைப் போலவே மாதக்கணக்கில் ஒரு முள்ளை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்க நினைத்தார். கடை டச்சில் அதற்கு இருந்த ஒரே வார்த்தை, கல்லைத் தவறான தட்டில் போட்டால் சொல்லும் வார்த்தை. அதைச் சொன்னார். சொன்னது போதவில்லை என்று தோன்றியதால் காலிக் குப்பியை மறுபடி நீட்டினார். ஹூகோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே மூன்றாவது பாட்டிலைத் திறக்கப் போனார்.

ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் திரும்பினார். டீச்சரிடம் நடந்ததை விவரமாகச் சொன்னார். டீச்சர் ம் என்றார். ஜாடியில் கொஞ்சம் இனிப்புச் சாற்றை ஊற்றி, மூடியை லேசாகத் தளர்த்தி, வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அம்பலவாணன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஜாடியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிரசவ ஆஸ்பத்திரியில்கூட நீங்கள் இப்படி உட்கார்ந்ததில்லை என்றாள் வடிவு. ஒரு காலையில் ஜாடியின் மேல் மெல்லிய நுரை கட்டியிருந்தது. காதை வைத்துக் கேட்டார். நுணுக்கமாகக் கிசுகிசுவென்று ஒரு சத்தம். வடிவைக் கூப்பிட்டார். அவளும் காதை வைத்தாள். வெகுநேரம் காதை எடுக்கவில்லை.

அந்த ஆடி மாதம் காய்ச்சிய சாறு குடுவையை நிறைத்து நுரைத்துக் குளியலறைத் தரையெல்லாம் வழிந்தது. அம்பலவாணன் யாரும் சொல்லாமல் தானே துடைத்தார். பாட்டிலில் அடைக்கும் நாளில் பால்கனியும் இல்லை, வேட்டியும் இல்லை. கலங்கலோடு அப்படியே அடைத்தார். வைரம் பார்த்த கண்ணுக்கு அது உறுத்தத்தான் செய்தது. முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு அடைத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டீச்சர் முன்னால் திறந்தபோது பாட்டில் பெருமூச்சு விட்டது. நுரை எழுந்து கோப்பையின் விளிம்பைத் தாண்டி நின்றது. உலர்திராட்சை மணம், கருகிய சர்க்கரை மணம், அதற்குப் பின்னால் லேசான கிராம்பு. டீச்சர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். முழுவதையும் குடித்துவிட்டுக் கோப்பையை மறுபடி நீட்டினார்.

கார் ஷெட்டுக்கு வந்த நாளிலிருந்து டீச்சர் யாரிடமும் இரண்டாவது கோப்பை கேட்டதை அம்பலவாணன் பார்த்ததில்லை. விளிம்பு வரை நிறைத்து ஊற்றினார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. காலையில் தாலி, மாலையில் லீர் மண்டபத்தில் விருந்து. அம்பலவாணன் புது வேட்டியும் அங்கவஸ்திரமுமாக, ஒரு கையில் பாட்டிலும் ஒரு கையில் கோப்பையுமாக, மண்டபத்தின் நடுவே நடந்து போய் ஹூகோவின் முன்னால் நின்றார். சாய்த்துப் பிடித்து, அவசரமில்லாமல் ஊற்றினார். இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஹூகோ குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது. எழுந்து போய்த் தன் தம்பிகளையும் மச்சான்களையும் தோளைப் பிடித்து இழுத்து வந்தார். ஆளுக்கொரு கோப்பை ஊற்றச் சொல்லி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார், இது எங்கள் வீட்டு பியர் என்று.

அதே நேரம் இந்தப் பக்கம் திருச்சியிலிருந்து வந்திருந்த பெரியப்பா மகன் கோப்பையைத் தூக்கிப் பிடித்து, வெள்ளைக்காரன் ஊரிலேயே வந்து வெள்ளைக்காரனுக்கே காய்ச்சிக் கொடுக்கிறான் பார், இது நம்ம பியர் என்று சத்தம் போட்டார். இரண்டு பக்கமும் கைதட்டல். வடிவுகூடக் கைதட்டினாள்.

அம்பலவாணனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. இப்படி ஒரு மாலை தன் வாழ்க்கையில் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. ஆனால் அவர் அவர்தானே. குளிர்ந்த உச்சிக்குள்ளேயே ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. அவர் கண்ணுக்குத் தெரிந்தால் தெரிந்ததுதான். அதை விட்டுவிட்டு அவரால் இருக்க முடியாது.

டீச்சர் ஓரத்து மேஜையில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்பலவாணன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பார்லியை உடைத்தது நான், காய்ச்சியது நான், கண் விழித்தது நான், ஆனால் உறை அவர் வீட்டு உறை என்று மெதுவாகச் சொன்னார். அவர்கள் தங்களுடையது என்கிறார்கள், நம் ஆட்கள் நம்முடையது என்கிறார்கள் என்றார்.

"நேராச் சொல்லுங்க டீச்சர். இது என்னோட பியரா, அவரோட பியரா?"

டீச்சர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். மண்டபத்தின் நடுவே சிவகாமி கூரைப்புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு யோரிஸோடு ஆடிக்கொண்டிருந்தாள். டீச்சர் அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பேரப்பிள்ள பொறக்கட்டும்ணே," என்றார். "அதத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு இதே கேள்வியக் கேளுங்க, சொல்றேன்."